கைதட்டலும் கல்லெறியும்

சென்னை அணி உப்பல் மைதானத்திற்கு ஆட வரும் நாளில், நம் ஹைதராபாத் தமிழர் இல்லங்கள் இரண்டுபட்டு நிற்பதை நேயர்கள் அறிவர். தகப்பனார் மஞ்சள் சட்டை அணிகிறார். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, தெருவில் தெலுங்கும் உருதுவும் பேசி வளர்ந்த மகனோ ஆரஞ்சுச் சட்டை அணிகிறான். எந்தப் பக்கம் பேசினாலும் வம்பு என்று இல்லத்தரசி சமையலறைக்குள் புகுந்துகொள்கிறாள். மாரேட்பள்ளியிலிருந்தும் மல்காஜ்கிரியிலிருந்தும் பத்மாராவ் நகரிலிருந்தும் நம்மவர் குடும்பம் குடும்பமாகப் புறப்படும் காட்சி, சொந்த ஊர்த் தேரோட்டத்தையே நினைவூட்டுகிறது.

ராஞ்சியில் பிறந்த தோனியைத் தமிழர்களாகிய நாம் ‘தல’ என்று அழைக்கிறோம். ஆஸ்திரேலியாவில் பிறந்த வார்னர் 2016-ஆம் ஆண்டில் ஹைதராபாத் அணிக்குக் கோப்பையை வென்று தந்தபோது, இவ்வூரார் அவரைத் தம் வீட்டுப் பிள்ளையாகவே கொண்டாடினர். பிறந்த மண் எதுவென்று கேளாமல், ஆடும் ஆட்டத்தைக் கண்டு ஒருவரை ‘நம்மவர்’ என்று ஏற்றுக்கொள்வது நல்ல பண்பு. பிழைப்பை நாடி வேற்றூருக்கு வந்த நமக்கு அதன் அருமை நன்றாகவே தெரியும்.

ஆயினும், அன்பு அளவு கடந்து வழிபாடாக மாறும்போது என்ன நேர்கிறது? ஆட்டக்காரர் தெய்வமானால் அவர் வாழ்வு என்னாகிறது. நம் பிள்ளைகள் அதிலிருந்து எதைக் கற்கிறார்கள்? இக்கேள்விகளுக்கு விடை தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நாம் குடியிருக்கும் இந்த நகரத்தின் கிரிக்கெட் வரலாறே போதும்.

ஃபதே மைதானத்திலே

இந்நகரில் முதல் டெஸ்ட் பந்தயம் 1955-ஆம் ஆண்டு நவம்பரில், பின்னாளில் லால் பகதூர் பெயரைத் தாங்கிய ஃபதே மைதானத்தில் நடைபெற்றது. எதிரணி நியூஸிலாந்து. இந்திய அணிக்குக் காப்டன் இவ்வூர்ப் பந்து வீச்சாளர் குலாம் அகமது. அப்பந்தயத்தில் பாலி உம்ரிகர் 223 ரன்கள் எடுத்தார். டெஸ்ட் பந்தயத்தில் இந்தியர் ஒருவர் இருநூறைக் கடந்தது அதுவே முதல் முறை. அதே பந்தயத்தில், தம் முதல் டெஸ்ட் ஆட்டத்திலேயே ஆட்டமிழக்காமல் 100 ரன்கள் எடுத்த இளைஞர் கிருபால் சிங். அமிர்தசரஸ் வழிவந்த சீக்கியக் குடும்பம் ஒன்று சென்னையில் குடியேறியது. அக்குடும்பத்தின் பிள்ளை அவர். சென்னை மாகாண அணிக்கு ஆடி, ஹைதராபாத்தில் பெயர் பெற்றார். குடிபெயர்ந்தோர் பிள்ளை வேற்றூரில் ஒளிர்வது நம் காலத்துப் புதுமையன்று என்பதற்கு அவரே சான்று.

அந்நாளில் தொலைக்காட்சி இல்லை. மைதானத்திற்குச் செல்ல இயலாதோர் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து அமர்ந்தனர். சேப்பாக்கத்தில் பொங்கல் நாட்களையொட்டி டெஸ்ட் பந்தயம் நடந்த காலத்தில், தமிழில் ஒலித்த நேர்முக வர்ணனையை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் நம் சங்கத்தில் இன்றும் உண்டு. பந்து எங்கே விழுந்தது, மட்டை எப்படித் திரும்பியது என்று ஆட்டத்தை மனக்கண்ணால் காண அவர்கள் பழகியிருந்தனர்.

ஓர் ஆட்டக்காரரை எவ்வாறு போற்ற வேண்டும் என்பதற்கும் இந்நகரிலேயே நல்லதோர் உதாரணம் உண்டு. செகந்திராபாத்தில் பிறந்த ஜெய்சிம்ஹா, 1960 ஜனவரியில் கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்ட் பந்தயத்தின் ஐந்து நாட்களிலும் மட்டை பிடித்தவர். உயர்த்திய காலரோடு அவர் நடந்துவரும் அழகைப் பார்த்து மயங்கியோர் பலர். பம்பாயில் வளர்ந்த சுனில் கவாஸ்கரும் அவர்களுள் ஒருவர். பின்னாளில் தம் மகனுக்குப் பெயரிடுகையில், ரோஹன் கன்ஹாய், ஜெய்சிம்ஹா, விஸ்வநாத் ஆகிய மூவரையும் நினைத்து ‘ரோஹன் ஜெய்விஷ்வா’ என்று பெயர் வைத்தார். அந்த ரசிகர் தாம் விரும்பியவரைப் பார்த்துப் பார்த்துத் தாமும் மட்டை பிடித்து உழைத்தார். போற்றுதல் என்றால் இவ்வாறன்றோ இருக்க வேண்டும்!

முத்தமும் வசையும்

எல்லோருக்கும் இத்தகைய பேறு வாய்க்கவில்லை. ஹைதராபாத் இளைஞர் அப்பாஸ் அலி பெய்க் 1959-இல் ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்தார். இங்கிலாந்தில் சுற்றுப்பயணம் செய்த இந்திய அணியில் ஒருவர் காயமுறவே, இவரை அழைத்தனர். மான்செஸ்டரில் தம் முதல் டெஸ்டிலேயே 112 ரன்கள் எடுத்தபோது அவருக்கு வயது இருபது. அடுத்த ஜனவரியில் பம்பாயில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இரு முறையும் ஐம்பதைத் தொட்டார். அப்போது ஓர் இளம்பெண் மைதானத்திற்குள் ஓடிச்சென்று அவர் கன்னத்தில் முத்தமிட்டாள். நாடு முழுவதும் அதுவே பேச்சாயிற்று.

ஓராண்டு கழிவதற்குள் காட்சி மாறியது. 1960-61-இல் பாகிஸ்தான் அணி வந்தபோது பெய்க்கின் மட்டையிலிருந்து ரன்கள் வரவில்லை. ஆட்டக்காரருக்கு அது புதிதன்று, எவருக்கும் நேர்வதே. ஆனால் அவர் முஸ்லிம் என்பதையும் எதிரணி பாகிஸ்தான் என்பதையும் முடிச்சுப் போட்டு, அவருடைய நேர்மையையே ஐயுற்று வசைக் கடிதங்கள் எழுதினர். அவர் அணியிலிருந்து விலக நேர்ந்தது. மீண்டும் டெஸ்ட் ஆட ஆறு ஆண்டுகள் ஆயின. முத்தமிட்டதும் இந்நாடே, வசைபாடியதும் இந்நாடே.

இவற்றையெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிட முடியுமா? முகமது சிராஜை எண்ணிப் பாருங்கள். இவ்வூரில் ஆட்டோ ஓட்டிய ஒரு தகப்பனாரின் மகன். 2020 நவம்பரில் அவர் இந்திய அணியோடு ஆஸ்திரேலியாவில் இருக்கையில் தந்தை காலமானார். இறுதிச் சடங்கிற்கும் வராமல் அணியோடு தங்கினார். ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டின் இரண்டாம் ஆட்டத்தில் ஐந்து விக்கெட்டுகளை வீழ்த்தினார். தாயகம் திரும்பியதும் விமான நிலையத்திலிருந்து நேரே தந்தையின் கல்லறைக்குச் சென்றார். அச்செய்தியைப் படித்துக் கண்கலங்காதார் இல்லை. ஆனால் அதற்கு முன், ஒரு பருவத்தில் பந்துவீச்சு சரியாக அமையாதபோது, தந்தையோடு ஆட்டோ ஓட்டப் போகும்படி தமக்கு எழுதியவர்கள் உண்டு என்று அவரே கூறியிருக்கிறார். 2025 ஆகஸ்டில் லண்டன் ஓவல் மைதானத்தில் ஐந்து விக்கெட்டுகள் எடுத்து ஆறு ரன் வித்தியாசத்தில் இந்தியாவுக்கு வெற்றி தேடித் தந்ததும், அவரைத் தோளில் ஏற்றிக் கொண்டாடினோம். அடுத்த தோல்வியில் நாம் என்ன எழுதுவோம்?

ஒரே காப்டன், இரு கூட்டங்கள்

இவ்வூர் அசாருதீன் 1984-85-இல் தம் முதல் மூன்று டெஸ்ட்களிலும் சதம் அடித்தவர். மூன்றில் ஒன்று நம் சென்னைச் சேப்பாக்கத்தில் அடித்தது. அவர் மணிக்கட்டைத் திருப்பிப் பந்தை விரட்டும் நேர்த்தியைக் கண்டோர் மறக்கமாட்டார்கள். பிற்காலத்தில் சூதாட்டக் குற்றச்சாட்டின் பேரில் 2000-இல் கிரிக்கெட் வாரியம் அவருக்கு ஆயுட்காலத் தடை விதித்ததும், 2012-இல் ஆந்திரப் பிரதேச உயர்நீதிமன்றம் அத்தடை செல்லாதென்று தீர்ப்பளித்ததும் யாவரும் அறிந்தவை. அவர் காப்டனாக நின்று கண்ட இரு நாட்களை மட்டும் இங்கே குறிப்பிட விரும்புகிறேன்.

1996 மார்ச் 13. கல்கத்தாவில் உலகக் கோப்பை அரையிறுதிப் பந்தயம், எதிரணி இலங்கை. இந்திய விக்கெட்டுகள் மளமளவென்று சரிந்தன. மக்கள் பாட்டில்களை எறிந்தனர். இருக்கைகளில் தீ மூட்டினர். ஆட்டம் தொடர முடியாமல் இலங்கை வென்றதாக அறிவிக்கப்பட்டது. ஆட்டமிழக்காமல் நின்ற வினோத் காம்ப்ளி அழுதுகொண்டே வெளியேறினார்.

1999 ஜனவரி 31. சென்னைச் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுடன் டெஸ்ட் பந்தயம். முதுகுவலியோடு போராடி டெண்டுல்கர் 136 ரன்கள் எடுத்தார். ஆயினும் 12 ரன்களில் இந்தியா தோற்றது. மைதானத்தில் ஒரு கணம் மௌனம். பிறகு கூட்டம் எழுந்து நின்று பாகிஸ்தான் வீரர்களுக்குக் கைதட்டியது. வென்றவர்கள் மைதானத்தைச் சுற்றிவந்து அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டனர்.

இரு நாட்களிலும் இந்தியக் காப்டன் இந்த ஹைதராபாத்காரரே. இரு நாட்களிலும் தோல்வியே. ஒரு கூட்டம் தன் தெய்வங்கள் தோற்பதைப் பொறுக்க மாட்டாமல் தீயிட்டது. மற்றொரு கூட்டம் தான் கண்டது நல்ல ஆட்டம் என்பதை உணர்ந்து எழுந்து நின்றது. வங்காளிகள் தீயவர், தமிழர் நல்லவர் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. கல்கத்தாவைப் போல் கிரிக்கெட்டை நேசிக்கும் நகரங்கள் சிலவே. எந்த ஊர்க் கூட்டமும் எந்நேரமும் இவ்விரண்டில் எதுவாகவும் மாறக்கூடும் என்பதே உண்மை.

இந்த ஆட்டத்தின் கணக்கையே சற்று பாருங்கள். அசாருதீன் டெஸ்ட் பந்தயங்களில் 147 முறை மட்டை பிடித்தார்; 22 சதங்கள் அடித்தார். அதாவது 125 முறை சதமின்றியே திரும்பினார். எனினும் அவர் மிகச்சிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவர். பலமுறை தோற்றுச் சிலமுறை வெல்வதே கிரிக்கெட்டின் இயல்பு. தெய்வத்திற்குத் தோல்வி உண்டா? ஆகவே தெய்வம் என்று எண்ணியவர் தோற்கும்போது, ஏமாற்றப்பட்டதாக நினைத்துக் கல்லெடுக்கிறோம். கைதட்டலிலேயே கல்லெறிக்கு விதை இருக்கிறது.

விடுதலை பெற்ற நாடு வெற்றிகளுக்கு ஏங்கியிருந்தது. 1983 ஜூன் 25-இல் கபில்தேவின் அணி உலகக் கோப்பையை வென்றது அந்த ஏக்கத்தைத் தீர்த்தது. தொலைக்காட்சி அதனை வீடுதோறும் சேர்த்தது. பின்னர் வணிகர்கள் வந்தனர். ஆட்டக்காரர் முகம் பிஸ்கட்டிலும் பானத்திலும் ஏறியது. இன்று நம் குழந்தைகளிற் பலர் ஆட்டத்தைவிட முகத்தையே அதிகம் அறிந்திருக்கின்றனர். 2025 ஜூன் 4-ஆம் நாள், கோப்பை வென்ற அணியைக் காணப் பெங்களூர் மைதானத்தின் வாயிலில் கூடிய நெரிசலில் பதினொரு உயிர்கள் மாண்டன. அவர்கள் காணச் சென்றது ஆட்டத்தையன்று. ஆட்டம் முந்தைய நாள் வேற்றூரில் முடிந்திருந்தது. முகங்களைக் காணவே சென்றனர்.

நம் வீட்டுப் பெண்

ஒரு சிலர் மீதே கண்ணை வைத்திருப்போர்க்கு அருகிலிருப்பவர் தெரிவதில்லை. வழிபாட்டினால் விளையும் மற்றொரு கேடு இது. நம் சமூகத்திலேயே இதற்குச் சான்று உண்டு.

விமானப்படையில் பணியாற்றிய தமிழர் துரைராஜின் மகள் மிதாலி. 1982-இல் ஜோத்பூரில் பிறந்து, இந்நகரில் வளர்ந்தவர். பெண் காலையில் நெடுநேரம் உறங்குகிறாளே என்று, மகன் செல்லும் கிரிக்கெட் முகாமுக்கே அவளையும் தந்தை அழைத்துச் சென்றார். ஓரமாக அமர்ந்திருந்த சிறுமி மட்டையை எடுத்து ஆடியதைப் பயிற்சியாளர் கவனித்தார். பரதநாட்டியம் பயின்றுகொண்டிருந்த குழந்தை அவள். நாளடைவில் சலங்கையா, மட்டையா என்ற கேள்வி எழுந்தது, மட்டை வென்றது. சம்பத் குமார் என்ற பயிற்சியாளர் அவளைச் செதுக்கினார். தம் மாணவி இந்திய அணியில் ஆடுவதைக் காணாமலே அவர் விபத்தில் மறைந்தார்.

1999 ஜூனில், பதினாறு வயதில், அயர்லாந்துக்கு எதிராகத் தம் முதல் ஒருநாள் பந்தயத்திலேயே மிதாலி ஆட்டமிழக்காமல் 114 ரன்கள் எடுத்தார். 2002-இல் இங்கிலாந்தில் டெஸ்ட் பந்தயத்தில் 214. அன்று வரை உலகில் எந்தப் பெண்ணும் எடுக்காத எண்ணிக்கை. 2005-இலும் 2017-இலும் இந்தியாவை உலகக் கோப்பை இறுதிப் பந்தயத்திற்கு அழைத்துச் சென்ற காப்டன். 2022-இல் ஓய்வு பெற்றபோது ஒருநாள் பந்தயங்களில் 7,805 ரன்கள். பெண்களில் அவ்வளவு எடுத்தவர் அப்போது எவருமில்லை.

இத்தனையும் செய்தவருக்கு இருபது ஆண்டுகளில் ஆடக் கிடைத்த டெஸ்ட் பந்தயங்கள் பன்னிரண்டே. அசாருதீன் பதினைந்து ஆண்டுகளில் 99 ஆடினார். தொடக்க நாட்களில் இரண்டாம் வகுப்பு ரயில் பயணமும், 2005 உலகக் கோப்பையில் பந்தயத்திற்கு ஆயிரம் ரூபாய் ஊதியமுமாக ஆடியதை மிதாலியே பின்னர் சொல்லியிருக்கிறார். 2017-இல் ஒரு நிருபர், ஆண் ஆட்டக்காரர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார் என்று கேட்டார். ஆண்களிடம் சென்று உங்களுக்குப் பிடித்த பெண் ஆட்டக்காரர் யார் என்று கேட்பீர்களா என்று அவர் திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வி நிருபருக்கு மட்டும் உரியதா? அக்காலத்தில் நம் சங்கத்து வீடுகளில் எத்தனை பேர் அவர் பெயரை அறிந்திருந்தோம்?

பிறரைக் குறை கூறிவிட்டு நான் நழுவுவது முறையன்று. கால் நூற்றாண்டுக்கு முன் எங்கள் வீட்டருகே கோடை முகாம் ஒன்று தொடங்கியது. பன்னிரண்டு வயது மகனுக்கு மட்டை வாங்கிக் கொடுத்துச் சேர்த்தேன். பத்து வயது மகள் தானும் வருவதாகக் கேட்டாள். “உனக்குத்தான் பாட்டு வகுப்பு இருக்கிறதே, அம்மா” என்று சொல்லி அவளை வீட்டிலேயே விட்டுச் சென்றேன். மகன் இரண்டு கோடையோடு நிறுத்திவிட்டான். மகளோ அந்த மட்டையை எடுத்துத் தெருவில் பையன்களோடு ஆடிக்கொண்டிருந்தாள். ஒருநாள் அதையும் பரணில் ஏற்றிவிட்டோம். அந்த வீட்டுச் சுவரில் டெண்டுல்கர் படம் மட்டும் பல ஆண்டுகள் தொங்கியது.

2025 நவம்பர் 2-ஆம் நாள் இரவு, பெண்கள் உலகக் கோப்பையின் இறுதிப் பந்தயம் நவி மும்பையில் நடந்தது. தென்னாப்பிரிக்காவை 52 ரன்களில் இந்தியா வென்றபோது நள்ளிரவு ஆகியிருந்தது. வென்ற பெண்கள் கோப்பையை மிதாலி உள்ளிட்ட முன்னோடிகளின் கையில் கொடுத்தனர். அந்தக் கோப்பைக்காக இருமுறை இறுதிவரை சென்று வெறுங்கையோடு திரும்பியவர், அதை ஏந்தி நின்றார். என் மகள் தன் எட்டு வயதுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டாள்:

“அப்பா, அந்த மட்டை இன்னும் பரணில் இருக்கிறதா?”

மிதாலிக்கு நிகரான திறமை என் மகளுக்கு இருந்ததென்று நான் சொல்லவில்லை. இருந்ததா, இல்லையா என்று அறியும் வாய்ப்பையே நான் அவளுக்குத் தரவில்லை. மிதாலியின் தந்தை உலக வீராங்கனையை உருவாக்கப் புறப்பட்டவர் அல்லர். மகளையும் உடன் அழைத்துச் சென்றார், அவ்வளவே. அந்தச் சிறு செயலை நான் செய்யவில்லை.

பொங்கல் விழாவில்

நம் பொங்கல் விழாப் போட்டிகளில் ஆண்டுதோறும் சிறுவர்களுக்குக் கிரிக்கெட், சிறுமியர்க்குக் கோலம் என்று வகுத்து வருகிறோம். கோலம் நல்ல கலை. சிறுவர்களும் அதைப் போட்டுப் பார்க்கட்டும். ஆனால் வரும் பொங்கலுக்கு நம் பெண் குழந்தைகளின் கையிலும் மட்டை இருக்க வேண்டும் என்று செயற்குழுவினரை வேண்டிக்கொள்கிறேன். பரிசளிக்க ஒரு பிரமுகரைத் தேடி அலைவதை விட்டு, தோற்ற அணிக்கும் எழுந்து நின்று கைதட்டும் வழக்கத்தை அன்றே தொடங்கலாம். சேப்பாக்கத்தில் அத்தனை பெரிய கூட்டத்திற்கு முடிந்தது, நம் முந்நூறு பேருக்கு முடியாதா?

ஆட்டக்காரரை நேசிப்போம், தெய்வமாக்கி அவர் தோளில் நம் சுமையை ஏற்ற வேண்டாம். உப்பலில் மஞ்சளும் ஆரஞ்சும் மோதும் அடுத்த மாலையில், ஆட்டமிழந்து தலைகுனிந்து திரும்புபவர் எந்த நிறச் சட்டை அணிந்திருந்தாலும் அவரும் ஒரு வீட்டுப் பிள்ளையே என்று நம் குழந்தைகளுக்குச் சொல்வோம்.

பரணிலிருந்து மட்டையை இறக்கிவிட்டேன். கைப்பிடி உரிந்திருந்தது, புதிதாகச் சுற்றியாயிற்று. பேத்திக்கு அது சற்றுக் கனம். அடுத்த ஞாயிறு அவளுக்கு ஏற்றதொன்றை வாங்கப் போகிறோம். இம்முறை அவளையும் உடன் அழைத்துக்கொண்டு.